நிரையில் பெண்கள், செக்ரோல் யார் கையில்?

பெலிஹுல்ஓயா வளாகத்தில் படிக்கும் தமிழ் பேசும் மாணவர்களுக்குப் பலாங்கொடையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்பான மாணவர்களே, மாணவிகளே,

நான் பலாங்கொடைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. கொழுந்து பறித்த ஒரு தாயின் மகள். உங்களில் சிலர் என் வகுப்பிலிருந்து போனவர்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறை, புத்தளம், பதுளை, நுவரெலியா என்று பல இடங்களிலிருந்து சப்ரகமுவ பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள், என்னை அறியாதவர்கள். ஆனாலும் நமக்குள் ஒரு தொடர்பு இருக்கிறது. வெட்டுப்புள்ளி வெளியாகி, எங்கள் பிள்ளை ஒருத்தி பெட்டியும் பையுமாகப் பம்பஹின்ன சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளை என் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்கிறீர்கள். அவளுக்காகத்தான் இந்த மடல்.

பால்நிலைச் சமத்துவம் பற்றிய கடிதம் என்றால் உபவேந்தருக்கும் மூதவைக்கும் பேரவைக்கும் எழுதுவதுதான் வழக்கம். அவர்கள் செய்ய வேண்டியது நிறைய உண்டு. அதையும் பிறகு சொல்கிறேன். ஆனால் புதிதாக வருகிற ஒரு மாணவி நிர்வாகத்தின் சுற்றுநிருபத்தை வாசிப்பதற்கு முன்பே உங்கள் குரலைக் கேட்டுவிடுவாள். இந்த இடத்தில் தான் யார், எங்கே உட்காரலாம், எப்போது வாய் திறக்கலாம் என்பதை முதல் சில கிழமைகளில் அவள் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறாள். ஆகவே முதலில் உங்களிடம் பேசுகிறேன்.

விடுமுறைக்கு வரும் பழைய மாணவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "டீச்சர், கெம்பஸில் பெண்கள்தானே அதிகம். இனி என்ன சமத்துவம்?"

அவர்கள் சொல்லும் கணக்கு சரியானது. இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகும் மாணவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பெண்கள். கலைப் பீடங்களில் பங்கு இன்னும் கூடுதல். பொறியியலில் இன்றும் அவர்கள் சிறுபான்மை. பெண்பிள்ளையைப் படிக்கவைப்பதா என்று வீட்டில் வாதாடிய காலத்தை நினைத்தால் இது பெரிய வெற்றிதான். அந்த வெற்றியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அதே நாட்டின் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். வேலை செய்யும் வயதுள்ள பெண்களில் மூன்றில் ஒருவர் அளவுதான் தொழிற்படையில் இருக்கிறார்கள்; ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் இருக்கிறார்கள். பட்டமளிப்பு மண்டபத்தை நிறைத்த பெண்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள்? 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில், அதிகம் பெண்கள் தெரிவானதாகச் சொல்லப்படும் 2024 தேர்தலுக்குப் பிறகும், அவர்கள் பத்தில் ஒரு பங்களவே. 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழக வரலாற்றில் ஒரு பெண் உபவேந்தராவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர் சாவித்திரி குணசேகர வந்தார்.

எண்ணிக்கையில் கூடியிருப்பதும் அதிகாரத்தில் பங்கு பெறுவதும் வேறு வேறு என்பதை எங்கள் தோட்டங்களைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்த பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தேயிலை மலையில் நிரை பிடித்து நிற்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்து, அதைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவருபவர்கள் பெண்கள். இந்த மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன்னே எழுந்து பால் வெட்டப் போகிறவர்களிலும் பெண்கள் நிறைய. ஆனால் காலையில் ஆட்களைத் திரட்டும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டவர் ஆண். தராசுக்கு முன்னால் நின்று கிலோவைக் குறித்தவர் ஆண். செக்ரோலை, அதாவது வேலைநாளும் சம்பளமும் பதியும் ஏட்டை, எழுதிய கணக்கப்பிள்ளை ஆண். கங்காணி ஆண், துரை ஆண். தொழிற்சங்கச் சந்தா பெண்களின் சம்பளத்திலும் வெட்டப்பட்டது. மே தின மேடையில் கதிரை போட்டு உட்கார்ந்தவர்கள் ஆண்கள்.

1984 வரைக்கும் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. அந்த வருடத்து வேலைநிறுத்தத்தை ஒட்டித்தான் இரண்டும் சமமாயின. பெண்கள்தான் தோட்டத்தின் பெரும்பான்மை என்ற உண்மை அதற்கு முன்பும் உண்மையாகவே இருந்தது. அந்தப் பெரும்பான்மை தானாக ஒரு சதத்தைக்கூட உயர்த்தித் தரவில்லை. சமமான பிறகும் மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுநாள் நீடித்தது. ஆண்களின் வேலை பெரும்பாலும் மதியத்தோடு முடிய, பெண்கள் மாலை வரை மலையில் நின்றார்கள். லயத்துக்குத் திரும்பினால் அடுப்பும் தண்ணீர்க் குடமும் பிள்ளைகளும் காத்திருந்தன. யார் எத்தனை பேர் என்று எண்ணினால் அது பெண்களின் தோட்டம். யார் பேனாவைப் பிடித்தார்கள் என்று கேட்டால் அது ஆண்களின் தோட்டம்.

இப்போது உங்கள் வளாகத்தைப் பாருங்கள். நான் குற்றம் சாட்டவில்லை. நீங்களே எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். மாணவர் ஒன்றியத்தின் கடந்த சில வருடங்களின் நிர்வாகப் பட்டியலை எடுங்கள். உங்கள் தமிழ் மன்றம், விளையாட்டுக் குழு, பட்ச்சுக்குப் பொறுப்பானவர்கள், வட்ஸ்அப் குழுவின் அட்மின்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் யார் யார்? மாணவிகளுக்குக் கொடுத்த பதவி எது? விழா நாளில் குத்துவிளக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார், கோலம் போட்டவர்கள் யார், பன்னீர் தெளித்தவர்கள் யார், மைக்கைப் பிடித்தவர்கள் யார்? கூட்டம் இரவு எட்டு மணிக்கு வைக்கப்படுகிறதா? அப்படியானால் விடுதிக் கதவு மூடும் நேரத்துக்குப் பயந்து எழுந்துபோகும் மாணவிகள் இல்லாத நேரத்தில்தான் உங்கள் முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

பட்டியல் நன்றாக இருந்தால் என் மனமார்ந்த வாழ்த்து. இல்லாவிட்டால், செக்ரோல் இன்னும் பழைய கையில்தான் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். "அவர்கள்தான் முன்வருவதில்லையே" என்று சொல்ல வேண்டாம். முன்வந்த ஒரு மாணவிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதை மற்ற மாணவிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அடக்கத்தால் பின்வாங்கவில்லை, அனுபவத்தால் பின்வாங்கினார்கள்.

அந்த அனுபவத்தின் முதல் பாடம் பகிடிவதை. அதைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும்.

1975இல் பேராதனையில் பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக ஒரு மாணவி இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். உடல் செயலிழந்து, மீதி வாழ்நாளைச் சக்கர நாற்காலியில் கழித்தார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் கொடுமையால் சிறுநீரகம் பழுதடைந்து இறந்தார். அதற்கு அடுத்த வருடம், 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதை செய்தவருக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பகிடிவதையின்போது பாலியல் துன்புறுத்தல் செய்தாலோ கடுங்காயம் விளைவித்தாலோ பத்து வருடம் வரை. சட்டம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், 2025 ஏப்ரலில் உங்கள் பல்கலைக்கழக மாணவர் ஒருவரே உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதைதான் காரணம் என்ற முறைப்பாட்டின் பேரில் மாணவர்கள் கைதானார்கள். வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். பிள்ளையை இழந்த வீட்டின் துயரத்துக்கு முன்னால் நம்மில் யாரும் இதை விளையாட்டு என்று சொல்ல முடியாது.

பகிடிவதையைப் பால்நிலைச் சமத்துவத்தோடு ஏன் சேர்க்கிறேன் என்று கேட்பீர்கள். முதலாம் வருட மாணவி இந்த உடைதான் உடுக்க வேண்டும், தலையை இப்படித்தான் பின்ன வேண்டும், இந்த வழியால்தான் நடக்க வேண்டும், சீனியர் அண்ணா கேட்டால் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போடுவது எது? ஆண்பிள்ளை என்றால் அடியைத் தாங்க வேண்டும், அழக் கூடாது, ஆபாசமாகப் பேசத் தெரிய வேண்டும் என்று பழக்குவது எது? பெண் யாருக்குக் கீழே, ஆண் எப்படிக் கொடியவனாக வேண்டும் என்ற இரண்டு பாடத்தையும் ஒரே மாதத்தில் படிப்பிக்கிற வகுப்பு அது. அந்த வகுப்பில் தேறியவர்கள்தான் பிறகு வங்கியிலும் கச்சேரியிலும் பாடசாலையிலும் கதிரைக்கு வருகிறார்கள். அதனால் பாதிக்கப்படுவது பெண்கள் மட்டும் இல்லை. உயிரிழந்த மாணவர்களின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். அதில் ஆண்பிள்ளைகள் பலர்.

எங்கள் பிள்ளை அந்த வகுப்புக்குள் வரும்போது இன்னொரு சுமையோடு வருகிறாள். தோட்டத்துப் பேச்சு அவள் நாக்கில் இருக்கும். அம்மா என்ன வேலை என்று கேட்டால் ஒரு கணம் தயங்குவாள். ஊர் எது என்றால் பெட்டியாகலை என்றோ இராசகலை என்றோ நன்பேரியல் என்றோ சொல்லாமல் பலாங்கொடை என்று மட்டும் சொல்வாள். சிங்கள மாணவர்கள் சொல்லும் கேலி ஒருபக்கம் இருக்கட்டும். "தோட்டக்காட்டான்" என்ற வசையைத் தமிழில் தமிழரே சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்துத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் முஸ்லிம் வீட்டுத் தமிழும் மேடையில் பெருமையாக ஒலிக்க, எங்கள் பிள்ளையின் தமிழ் மட்டும் நகைச்சுவை நாடகத்தில் வேலைக்காரி பாத்திரத்துக்கு என்று ஒதுக்கப்படுமானால், அந்த மன்றத்தின் பெயரில் தமிழ் இருந்து பயனில்லை.

அவள் அங்கே வந்து சேர்ந்ததே எவ்வளவு தூரம் என்பதை அறிந்தால் நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவளுடைய பூட்டன் பூட்டியை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். இன்றும் சப்ரகமுவ மாகாணத்தில் கணிதமும் விஞ்ஞானமும் உயர்தரத்தில் தமிழில் படிக்கக்கூடிய பாடசாலைகள் மிகக் குறைவு. ஆகவே கணக்கில் கெட்டிக்காரியான பெண்பிள்ளையும் கலைப் பிரிவுக்கே வந்து உட்காருகிறாள். அண்ணனை வேண்டுமானால் ஹட்டனுக்கோ கொழும்புக்கோ அனுப்பிப் படிக்கவைப்பார்கள். தங்கையை அனுப்பத் தயங்குவார்கள். பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டம், ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒதுக்கீடு இருக்கிறது. தோட்டத்துக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. இரத்தினபுரி மாவட்டத்தின் ஒரே வரிசையில் நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு போட்டியிட்டுத்தான் எங்கள் பிள்ளை வருகிறாள்.

பெண், தமிழ், தோட்டம், வறுமை என்ற நான்கும் ஒருவரிடமே சேர்ந்து வரும்போது அவை ஒன்றையொன்று பெருக்குகின்றன. உதாரணத்துக்கு ஒரு முறைப்பாட்டை எடுங்கள். யாரோ ஒருவர் அவளிடம் தவறாக நடக்கிறார். சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை பால், மொழி, சாதி, பிறந்த இடம் எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995 திருத்தத்திலிருந்து பாலியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கியிருக்கிறது. புள்ளிக்காகவோ கையொப்பத்துக்காகவோ பாலியல் சலுகை கேட்பதை 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இலஞ்சமாகவே பார்க்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் பால்நிலை ஒப்புரவுக்கும் சமத்துவத்துக்குமான நிலையம் இயங்குகிறது.

ஆனால் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது, கெண்டீனும் பஸ்ஸும் கடையும் சிங்களத்தில் நடக்கின்றன. நடந்ததைச் சொல்ல அவளுக்குத் தமிழ் மட்டுமே கைகொடுக்கிறது. உடம்பில் பட்ட அவமானத்தை அரைகுறையாகத் தெரிந்த மொழியில், முன்பின் தெரியாத ஓர் ஆண் அதிகாரியிடம், மொழிபெயர்க்க இன்னொரு ஆண் மாணவனை வைத்துக்கொண்டு ஒரு பெண் சொல்லுவாளா? சொல்லமாட்டாள். பேசாமல் விரிவுரைக்குப் போகாமல் விடுவாள். அடுத்த தவணையில் வீட்டிலிருந்து திரும்பமாட்டாள். பதிவேட்டில் "தனிப்பட்ட காரணம்" என்று எழுதப்படும். முறைப்பாடே இல்லை, ஆகவே பிரச்சினையே இல்லை என்று ஆண்டறிக்கை சொல்லும்.

இதை மாற்றச் சட்டத்திருத்தம் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. முறைப்பாட்டுப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். தமிழில் கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு பெண் அலுவலர் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட அறையில் இருக்க வேண்டும். முறைப்பாடு கொடுத்தவருக்கு எத்தனை நாளுக்குள் பதில் கிடைக்கும் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். மூதவையிடமும் பேரவையிடமும் நான் கேட்பது இதைத்தான். ஏற்கெனவே இருந்தால் அதை முதல் நாள் அறிமுக நிகழ்ச்சியிலேயே தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பால்நிலைச் சமத்துவத்தைக் கொள்கை ஏட்டில் மட்டும் வைத்துவிட்டு, பாதிக்கப்பட்டவள் பேசும் மொழியைப் புறத்தே விட்டால் அந்த ஏடு அவளுக்காக எழுதப்பட்டதல்ல.

நிர்வாகம் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உங்களுக்கு உண்டு. அவளோடு கூடப் போங்கள். இரண்டு மாணவிகள் துணையாக நடந்தால் அலுவலகத்துக்குப் போகும் வழி பாதியாகக் குறையும். "பெயர் கெட்டுவிடும், விட்டுவிடு" என்று முதலில் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. நம் சமூகத்துப் பையன் மாட்டிக்கொள்வான் என்பதற்காக நம் சமூகத்துப் பெண்ணை வாய்மூடச் சொல்லுவது சமூகப் பற்றாகாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்து நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாவானது, 2024இல் 1350 ஆனது. பேர் விழாத நாளில் அதுவும் இல்லை. மகாபொல உதவித்தொகை 2025இல் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் அது கைக்கு வரும்வரை முதல் சில மாதங்களை எங்கள் பிள்ளை கடன்பட்டே ஓட்டுகிறாள். மாதவிடாய்த் துவாய் வாங்குவதா, நோட்ஸ் போட்டோ கொப்பி எடுப்பதா என்று அவள் யோசிப்பதை ஆண்பிள்ளைகள் நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை, இனி அறிந்துகொள்ளுங்கள். பாடசாலை மாணவிகளுக்குத் துவாய் வாங்க 2024இல் அரசாங்கம் வவுச்சர் கொடுத்தது. பாடசாலை முடிந்ததும் அந்தத் தேவை முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. அந்த அளவுக்கு நம் அரசாங்கம் செய்யாவிட்டாலும், ஒவ்வொரு பட்ச்சும் பிரியாவிடை விருந்துக்குச் சேர்க்கும் காசில் ஒரு பங்கை முதலாம் வருட மாணவிகளின் அவசரத் தேவைக்கென்று ஒதுக்கலாம். பெயரைக் கேட்காமல், கணக்கைப் பகிரங்கப்படுத்தாமல், ஒரு மூத்த மாணவியின் பொறுப்பில்.

விடுதி நேரத்தைப் பற்றியும் கேட்கிறேன். 2015இல் டில்லிப் பல்கலைக்கழக மாணவிகள் பிஞ்ச்ரா தோட் என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பூட்டு பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் என்று கேட்டார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நூலகம் திறந்திருக்கும் நேரம் வரை தெருவிளக்கும் பஸ்ஸும் காவலும் இருந்தால் அதுதான் பாதுகாப்பு என்றார்கள். எங்கள் ஊர்ப் பெற்றோர் விடுதி பூட்டியிருந்தால்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். அந்தப் பயத்துக்கு விலையாக மகளின் நூலக நேரத்தைக் கொடுப்பதா, வளாகத்துக்கு வெளிச்சம் போடுவதா என்பதை நிர்வாகம் தீர்மானிக்கட்டும். நில அளவையியல் படிக்கும் மாணவி காட்டிலும் மேட்டிலும் கருவியைத் தூக்கிக்கொண்டு அளக்கப் போகிறாள். அவளைப் பார்த்து இரவு ஏழு மணிக்கு வளாகத்துக்குள் நடக்கத் தெரியாதவள் என்று யார் சொல்வது?

எல்லாரையும் சேர்த்துக்கொள்வது என்றால் இன்னும் சிலரை நினைக்க வேண்டும். பார்வையோ நடையோ குறைந்த பிள்ளைக்குச் சரிவான வளாகத்தில் படிக்கட்டு மட்டும் இருந்தால் கதவு திறந்திருந்தும் பயனில்லை. வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் 1996லேயே வந்துவிட்டது. அபாயா அணியும் மாணவியை உடைக்காகப் பரிகசிப்பதும், ஜீன்ஸ் அணியும் மாணவியை ஒழுக்கத்துக்காகப் பரிகசிப்பதும் ஒரே நோய். பிறப்பில் எழுதப்பட்ட பாலோடு பொருந்தாமல் தவிக்கும் ஒரு பிள்ளை உங்கள் பட்ச்சிலும் இருக்கலாம். அவர் நடையைப் பார்த்துப் பட்டப் பெயர் வைக்காதிருப்பது நீங்கள் அவருக்குச் செய்யும் முதல் நீதி.

பலாங்கொடையைச் சொன்னதும் பலர் ஒரு பெயரை நினைவுபடுத்துவார்கள். 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் தாய்வழிக் குடும்பம் இந்தப் பலாங்கொடையின் மஹவலதென்னைக் குடும்பம். இலங்கை அரசாங்க சபைக்கு முதல் பெண் உறுப்பினராக 1931இல் தெரிவான அடலின் மொலமுறேயும் இந்த மாகாணத்து ருவன்வெல்லத் தொகுதியிலிருந்துதான் போனார். சப்ரகமுவ இந்த இருவரையும் கொண்டாட உரிமையுள்ள மண். ஆனால் எங்கள் வீடுகளில் சிறிமாவோவின் பெயர் இன்னொரு விதமாகவும் நினைக்கப்படுகிறது. 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு அவர் செய்த உடன்படிக்கை எங்கள் மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரு இலட்சத்து ஐம்பதாயிரம் பேரின் முடிவைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எந்தப் பெண்ணிடமும் நீ எங்கே போக விரும்புகிறாய் என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

உச்சியில் ஒரு பெண் அமர்வதால் அடியில் உள்ள பெண்ணுக்குத் தானாக நீதி கிடைத்துவிடாது என்பதை எங்கள் குடும்பங்களின் கதை சொல்கிறது. அதனால்தான் ஒரு பெண் பீடாதிபதி, ஒரு பெண் தலைவி என்று காட்டி என்னைத் திருப்திப்படுத்த முடியாது. அவர்கள் வேண்டும், நிறையப் பேர் வேண்டும். கூடவே, அடியில் நிற்பவள் தன் வாயால் தன் விஷயத்தைச் சொல்லும் இடமும் வேண்டும். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேச ஐயரின் துணைவி மீனாட்சி அம்மாள் 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் பாடிப் பேசினார். பெண் மேடை ஏறுவதே அதிசயமாக இருந்த காலம் அது. மலையகத்துப் பெண்கள் பாராளுமன்றம் போக அதன் பிறகு 2024 வரை ஆனது; நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் போனார்கள். இரத்தினபுரியிலிருந்தும் கேகாலையிலிருந்தும் போகப்போகிறவள் இப்போது உங்கள் வகுப்பில் பின்வாங்கில் உட்கார்ந்திருக்கலாம். அவள் பேசப் பழகும் முதல் மேடை உங்கள் மன்றம்.

ஆகவே நான் கேட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மன்றத்தின் யாப்பைத் திருத்தி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்றில் ஒன்றிலாவது எப்போதும் மாணவி இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் மாணவிகளாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். உள்ளூராட்சிச் சபைகளுக்கே 2018 தேர்தலிலிருந்து நூற்றுக்கு இருபத்தைந்து ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்துவிட்டது. படித்தவர்களாகிய உங்களால் அதைவிடக் கூடச் செய்ய முடியும். கூட்டங்களை எல்லா மாணவிகளும் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.

இந்த வருடத்திலிருந்து எங்கள் பட்ச் யாரையும் பகிடிவதை செய்யாது என்று மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் கையெழுத்திட்டு அறிவியுங்கள். ஆண்பிள்ளைகளே, இதை உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். ஒரு மாணவிக்குக் கரைச்சல் கொடுக்கிறவன் உங்கள் நண்பன் என்றால், அவனை நிறுத்தச் சொல்ல வேண்டியது அவள் இல்லை, நீங்கள்தான். அவன் அவளுடைய பேச்சைக் கேட்கமாட்டான். உங்கள் பேச்சைக் கேட்பான்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் பட்ட கஷ்டத்தை அடுத்த பட்ச்சுக்கும் கொடுத்துவிடும் அக்காவாக மாறாதீர்கள். உங்களுக்குக் கிடைக்காத துணையை அடுத்து வருகிறவளுக்குக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, எங்கள் பாடசாலைகளுக்கு மேலே ஏறி வாருங்கள். உங்கள் பல்கலைக்கழகம் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகச் சமனலவெவத் திட்டத்துக்குக் கட்டிய கட்டடங்களில் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த ஒரு முழுத் தலைமுறைத் தோட்டத்துப் பிள்ளைகள் அந்த வாசலால் பஸ்ஸில் போய்வந்திருக்கிறார்கள்; உள்ளே போனவர்கள் கொஞ்சம் பேர்தான். விஞ்ஞானம், கணினி, முகாமைத்துவம் படிக்கும் மாணவிகள் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் பாடசாலைகளுக்கு வந்து கணிதம் சொல்லிக்கொடுத்தால், தங்களுக்கும் அந்தப் பாடம் வரும் என்று எங்கள் பெண்பிள்ளைகள் நம்பத் தொடங்குவார்கள். வகுப்பறையையும் மதியச் சாப்பாட்டையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெற்றோரையும் கூப்பிடுகிறேன், மகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்குகிற தகப்பனுக்கு, உங்களைப் போன்ற ஒரு மகள் முன்னால் நின்று பேசுவது என் நூறு அறிவுரையைவிடப் பெரிது.

என் வகுப்பிலிருந்து அடுத்த முறை அங்கே வரப்போகும் மாணவிகளிடம் நான் இனி "கவனமாக இரு" என்று மட்டும் சொல்லி அனுப்பப்போவதில்லை. மன்றத் தேர்தல் எப்போது என்று கேள், முறைப்பாடு கொடுக்கும் இடம் எது என்று கேள், பேச எழுந்து நில் என்று சொல்லி அனுப்பப்போகிறேன். அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல நீங்கள் ஆயத்தமாக இருங்கள். இந்த மடலில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், எதை எப்போது செய்வீர்கள் என்று உங்கள் மன்றத்தின் கூட்டத்தில் பேசித் தீர்மானித்து எழுத்தில் அறிவியுங்கள். அந்தத் தீர்மானத்தில் மாணவிகளின் கையொப்பமும் இருக்கட்டும்.

நம்பிக்கையுடன்,
உயர்தர வகுப்பு ஆசிரியை ஒருவர்,
பலாங்கொடை.